அத்தான் பெயரில் மூன்று நாள்

ஞாயிறு, மத்தியானம்

என் தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது. நீயும் உன் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நானும் பாப்பாவும் இருக்கிறோம். இருக்கிறோம் என்பது வரைக்கும்தான் எழுத முடிகிறது.

போன் இருக்கும்போது எதற்கு லெட்டர் என்று நினைப்பாய். போன் போட்டால் உன் மனைவிதான் எடுக்கிறாள். அவர் குளிக்கிறார் அண்ணி என்கிறாள். காலையில் போட்டாலும் குளிக்கிறாய், சாயங்காலம் போட்டாலும் குளிக்கிறாய். ஒரு வருஷமாக ஒரு மனுஷன் குளித்துக்கொண்டே இருந்தால் தோல் என்னத்துக்கு ஆகும். அவளைத் திட்டிவிடாதே. பாவம், அவளுக்குப் பொய் வராது. சொல்லும்போதே குரல் இறங்கிவிடுகிறது.

நான் ஐந்தாவதோடு நின்றவள் என்று உனக்குத் தெரியும். ஸ்கூலுக்குப் போகிற வயதில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அதனால் எழுத்து கோணலாகத்தான் இருக்கும், தப்பும் இருக்கும். பாப்பாவிடம் சொல்லி எழுத வைக்கலாம். ஆனால் இது அவள் எழுதக்கூடிய லெட்டர் இல்லை. அவளுக்கு இன்று பம்ப் ஹவுஸில் பகல் டூட்டி. அவள் இல்லாத நேரமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன்.

வீட்டில் புதிதாக ஒன்றும் இல்லை. பின்னால் இருக்கிற அறைச் சுவர் இந்த மழைக்கும் ஊறிவிட்டது. வீட்டுச் சொந்தக்காரர் வந்து பார்த்துவிட்டு, ஆமாம் ஊறியிருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். அது எங்களுக்கே தெரியும். அடுப்படிக் குழாயில் வாஷர் போய்ச் சொட்டிக்கொண்டே இருந்தது. ஊருக்கெல்லாம் தண்ணீர் திறந்துவிட்டவர் வீட்டில் ஒரு வாஷர் மாற்ற ஆள் இல்லை. கடைசியில் பாப்பாவே மாற்றினாள். அவங்க அப்பா மாதிரியே நாக்கைக் கடித்துக்கொண்டு மாற்றினாள். நான் துணி எடுக்கிற மாதிரி மொட்டை மாடிக்குப் போய்விட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எவ்வளவு நேரம்தான் குழாயைப் பற்றி எழுதுவது.

பாப்பாவுக்கு அவங்க அப்பா வேலையையே கொடுத்ததும், அவர் இருந்த அதே பம்ப் ஹவுஸில் போட்டதும் உனக்குத் தெரியும். அங்கே ஆறு பேர் இருக்க வேண்டும். உன் அத்தான் காலத்தில் இரண்டு பேர், அதிலும் ஒருத்தர் லீவு போட்டால் இவர் மட்டும். இப்போது மூன்று பேர். ஒரு ஆள் போனதும் இரண்டு ஆள் போட்டிருக்கிறார்கள். அந்த இரண்டில் ஒன்று என் மகள்.

புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லாரும் டிரெய்னிங் போக வேண்டும் என்று போன மாதம் ஆர்டர் வந்தது. நீ போய் வருவாயே, அதே இடம், அதே மூன்று நாள். ஆனால் இப்போது வாசலிலேயே போட்டோ எடுத்து அடையாள அட்டையோடு ஒத்துப் பார்க்கிறார்களாம். ஆள் மாறி உட்கார முடியாது. உன் அத்தான் போனதற்கு அப்புறம் வந்த ஏற்பாடு.

முதல் நாள் போய்விட்டு நன்றாகத்தான் வந்தாள். ஹாலில் குளிருது அம்மா, நாளைக்குப் போர்வை எடுத்துட்டுப் போகணும் என்று சிரித்தாள். இரண்டாம் நாள் வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தாள். தலைவலியா என்று கேட்டேன். இல்லை என்றாள். யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன். பாடம்தான்மா சொன்னாங்க என்றாள். மூன்றாம் நாளும் போய் முடித்துவிட்டு வந்து, சர்டிபிகேட்டை அலமாரி மேல் கவிழ்த்துப் போட்டுவிட்டுத்தான் என்னிடம் பேசினாள்.

பாடம் எடுத்தவர் ரிட்டயர் ஆன இன்ஜினியராம். நல்ல மனிதர் என்று அவளே சொல்கிறாள். வால்வு சேம்பருக்குள் இறங்குவதைப் பற்றி அன்றைக்குப் பாடம். உங்களில் யாருக்காவது இறங்கும்போது தலை சுத்தியிருக்கா, ஏன் சுத்துதுன்னு தெரியுமா என்று கேட்டிருக்கிறார். பாப்பா கையைத் தூக்கிவிட்டாள். வெறும் வயித்துல இறங்கினா சுத்தும் சார், நல்லா சாப்பிட்டுட்டு இறங்கணும் என்று சொல்லியிருக்கிறாள். ஹாலில் நாற்பது பேரும் சிரித்தார்களாம். அந்தப் பெரியவர் சிரிக்கவில்லை. யாரும்மா உனக்கு இதைச் சொன்னது, இதை நம்பி இறங்கிடாதே தாயி என்றாராம். மூடிக் கிடக்கிற குழியில் மழைக்கு அப்புறம் நல்ல காற்று இருக்காதாம். தலை சுற்றுவது அதனால்தானாம். வயிறு எவ்வளவு நிறைஞ்சிருந்தாலும் மூச்சுக்குக் காத்து வேணுமில்லையா என்று கேட்டாராம். மூடியைத் திறந்துபோட்டுக் கொஞ்ச நேரம் விட்டுவிட வேண்டும், காற்று இருக்கிறதா என்று கருவியை இறக்கிப் பார்க்க வேண்டும், மேலே இரண்டு பேர் கயிற்றோடு நிற்க வேண்டும், தனியாக ஒரு நாளும் இறங்கக் கூடாது. இதையெல்லாம் பாப்பா எனக்கு ஒவ்வொன்றாகச் சொன்னாள். மனப்பாடமாகச் சொன்னாள்.

அது முடிந்ததும் சுவரில் ஒரு படம் போட்டிருக்கிறார்கள். உன் அத்தான் படம். அடையாள அட்டையில் காலர் ஒரு பக்கம் மடங்கி இருக்குமே, அந்தப் படம். பேரைக் கருப்பு அடித்து மறைத்துவிட்டார்கள், முகத்தை மறைக்கவில்லை. கீழே பயிற்சி பெற்றும் கவனக்குறைவு என்று பெரிதாக எழுதியிருந்ததாம். இவரும் இதே ஹாலில் மூன்று நாள் உட்கார்ந்து, கையெழுத்துப் போட்டு, சர்டிபிகேட் வாங்கிட்டுப் போனவர், என்ன பிரயோஜனம், நீங்க இவரை மாதிரி இருக்காதீங்க என்று அந்தப் பெரியவரே சொன்னாராம். பக்கத்து நாற்காலிக்காரர் குனிந்து, பாடம் நடக்கும்போது நல்லாத் தூங்கியிருப்பார் போல என்று பாப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அவருக்கு எப்படித் தெரியும், யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்று.

நீ என்னடி பண்ணினே என்று கேட்டேன். எல்லாரும் நோட்டுல எழுதினாங்க, நானும் எழுதினேன் என்றாள்.

அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அம்மா, சாப்பிட்டுட்டு இறங்கணும்னு எனக்குச் சொன்னது அப்பா. அப்பா இந்தக் கிளாஸ்ல உட்கார்ந்திருந்தா வயித்தைப் பத்திச் சொல்லியிருக்க மாட்டார். அப்பா போகவே இல்லை, அப்படித்தானே.

நான் அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று எழுந்து போய்விட்டேன். பால் வைக்கவில்லை.

தம்பி, அப்போது அவள் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாள். அந்தக் கதை அவளுக்குத் தெரியாது. உனக்கும் எனக்கும்தான் தெரியும்.

உங்கள் ஆபீஸ் வழக்கத்தை உனக்கே நான் சொல்ல வேண்டியதில்லை. இன்னார் இன்னார் வர வேண்டும் என்று மேலே இருந்து ஆர்டர் வரும். பேர் உள்ளவர் நகர்ந்தால் பம்ப் நின்றுவிடும். தலை குறைந்தால் இன்ஜினியருக்குத் திட்டு விழும். அதனால் ஸ்டோரில் குழாய் எண்ணிக்கொண்டிருந்த உன்னை அனுப்பிவிடுவார்கள். மூணு நாள் கழிச்சு எண்ணினாலும் குழாய் அங்கேயேதான் கிடக்கும், நீ போயிட்டு வாடா என்பாராம் ஹெட் கிளார்க். டிரைவர் பேரில் போனாய், பிட்டர் பேரில் போனாய். குளோரின் கலக்குகிற அம்மா பேரிலும் போகச் சொன்னார்கள், மீசையை என்ன சார் பண்றது என்று நீதான் தப்பித்தாய். எட்டு பேருக்குப் போய் உட்கார்ந்தவன் என்று எட்டாள் என்றே உனக்குப் பேர் வைத்தார்கள். நீ வந்து கதை சொல்லும்போதெல்லாம் நானும்தான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்த ஆபீசிலேயே எல்லாப் பாடமும் கேட்டவன் நீ ஒருத்தன். உன் பேரில் மட்டும் ஒரு சர்டிபிகேட்டும் கிடையாது.

உன் அத்தான் மட்டும் இந்தத் தடவை நானே போறேன் என்று நின்றார். முந்தின மழைக்கு அப்புறம் இறங்கினபோது அவருக்குத் தலை சுற்றி, ஏணியைப் பிடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றிருக்கிறார். அது ஏன் என்று தெரிந்தவர்களிடம் கேட்க வேண்டும் என்றார். லீவு போட்டவரைக் கெஞ்சி டூட்டிக்கு வரவும் வைத்துவிட்டார். சட்டைகூட இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டியிருந்தது.

போகவிடாதது நான். அந்த வாரம்தான் எனக்குக் கண் ஆபரேஷன். இரண்டு வாரம் தள்ளிக்கூடப் பண்ணலாம் என்று டாக்டர் சொன்னார். தள்ளினால் எனக்குத் தைரியம் போய்விடும், நீங்க பக்கத்தில் இல்லாமல் நான் படுக்க மாட்டேன் என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். என் தம்பி எட்டு பேருக்குப் போனவன், ஒன்பதாவதா உங்களுக்குப் போக மாட்டானா என்று சொன்னதும் நான்தான். அவர் யோசித்துக்கொண்டே உன்னைக் கூப்பிட்டார். நீ சும்மா உட்கார்ந்துட்டு வா, ஆனா இதை ஒண்ணு மட்டும் எனக்காகக் கேட்டுட்டு வா, மழைக்கு அப்புறம் இறங்கினா தலை சுத்துதே, எதனாலன்னு. நீயும் தலையை ஆட்டினாய். இதெல்லாம் நடந்தபோது நான் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

மூன்று நாள் கழித்து நீ வந்தாய். எனக்குக் கண்ணில் கட்டு. ஆனால் காது கேட்டதே. கேட்டியாடா என்று அவர் கேட்டார். கேட்டேன் அத்தான், வெறும் வயித்துல இறங்கினா அப்படித்தானாம், நல்லா சாப்பிட்டுட்டு இறங்கச் சொன்னாங்க என்றாய். அட, இவ்வளவுதானா என்று அவர் சிரித்தார். நான் என்னமோன்னு பயந்துட்டேன் என்றார். நீயும் சிரித்தாய்.

அதற்கு அப்புறம் அவர் சாப்பிடாமல் ஒரு நாளும் இறங்கினதில்லை. எனக்கும் சொன்னார், பாப்பாவுக்கும் சொன்னார், கூட வேலை செய்கிறவருக்கும் சொன்னார். கடைசி நாள் காலையில், ஆஸ்பத்திரிப் பக்கம் தண்ணீர் ஏறவில்லை என்று இன்ஜினியர் மூன்று தடவை போன் பண்ணினார். இவர் வாயில் சாப்பாட்டோடு இதோ கிளம்பிட்டேன் சார், இதோ கிளம்பிட்டேன் சார் என்கிறார். குழிக்குள்ள இறங்கணுமே, இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்க என்று நான்தான் தட்டில் மறுபடி வைத்தேன். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். மீட்டர் பார்க்க வந்தவர்தான் முதலில் கண்டது. சேம்பர் மூடி திறந்திருக்கிறது, பக்கத்தில் செருப்பு இரண்டும் ஜோடியாக இருக்கிறது, ஆளைக் காணோம்.

கை வலிக்கிறது. பாப்பா வருகிற நேரமும் ஆகிவிட்டது. மீதியை அப்புறம் எழுதுகிறேன்.

வியாழன்

நான்கு நாள் இந்தக் காகிதத்தை அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தேன். இதற்குள் இங்கே நிறைய நடந்துவிட்டது.

திங்கட்கிழமை பாப்பாவிடம் சொல்லிவிட்டேன். உன் பேரைச் சொல்லவில்லை. அப்பா போகவில்லை, எனக்குக் கண் ஆபரேஷன் இருந்தது, நான்தான் போகவிடவில்லை என்று மட்டும் சொன்னேன். அப்போ அப்பா பேர்ல யார் போனது என்று கேட்டாள். நான் முறத்தை இழுத்து அரிசியில் கல் பொறுக்க ஆரம்பித்தேன். அவள் முட்டாள் இல்லை. எட்டாள் கதை கேட்டு அவளும் வளர்ந்தவள்தான். மாமாவா என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். நான் தலையைத் தூக்கவில்லை. எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு டூட்டிக்குப் போய்விட்டாள். அதிலிருந்து என்னிடம் வேளைக்கு வேளை நான்கு வார்த்தைதான் பேசுகிறாள். போடு, போதும், வர்றேன், தூங்கு.

ஆனால் அவள் முன்னாடியே ஒரு வேலை பண்ணியிருந்தாள். டிரெய்னிங் முடிந்த மறுநாளே பெரிய இன்ஜினியருக்கு மனு கொடுத்திருக்கிறாள். அப்பா படத்தை அந்த ஹாலில் காட்டக் கூடாது, கவனக்குறைவு என்று ரிப்போர்ட்டில் எழுதினதை மறுபடி விசாரிக்க வேண்டும் என்று. ஹெட் கிளார்க் அவளைக் கூப்பிட்டு, எதுக்கும்மா பழசைக் கிளறுறே, நீ இன்னும் வேலையில நிரந்தரம் ஆகலை, வருகைப் பதிவேட்டுல மூணு நாளும் கையெழுத்து இருக்கு, சர்டிபிகேட் இருக்கு, காகிதம் என்ன சொல்லுதோ அதுதான் என்று சொல்லியிருக்கிறார். உன்னை அனுப்பிவைத்ததே அவர்தான். இவள், அந்தக் காகிதம் பொய் சார் என்றாளாம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாராம். துடைத்து முடிக்கவே இல்லையாம்.

நேற்று எனக்குத் தபால் வந்தது. இந்த மாதம் பதினெட்டாம் தேதி மனு விசாரணைக்கு நேரில் வந்து சொல்ல வேண்டும் என்று.

நான் போகிறேன் தம்பி. என் புருஷன் அந்த ஹாலுக்கு ஒரு நாளும் போகவில்லை, நான்தான் தடுத்தேன் என்று சொல்லப்போகிறேன். இருபத்தாறு வருஷம் இந்த ஊர் வால்வை எல்லாம் கையால் திருப்பின மனுஷன். தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டவரை, சொல்லிக்கொடுத்தும் கேட்காதவர் என்று மாதாமாதம் நாற்பது பேருக்குக் காட்டுகிறார்கள். வருகிறவர்கள் சிரித்துவிட்டுப் போகிறார்கள். செத்தது போதாதா அவருக்கு.

உடனே கேட்பார்கள், அப்போ அந்தக் கையெழுத்து யாருதும்மா என்று. எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல மாட்டேன். பேரையும் சொல்ல மாட்டேன். அப்படி வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் சொல்வதை அவர்கள் நம்புவார்களா என்று பாப்பா கேட்கிறாள். நம்ப மாட்டார்கள்தான். அவளாகவும் பேரைச் சொல்ல மாட்டாள். அது அம்மாவோட தம்பி, அம்மா சொல்லட்டும் என்கிறாள்.

உன்மேல் கோபமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு நேரம் வருகிறது, ஒரு நேரம் போகிறது. கோபம் வரும்போது என்மேலும் சேர்ந்தே வருகிறது. எடுத்த அன்று நீ அவர் காலைப் பிடித்துக்கொண்டு, தப்புப் பண்ணிட்டேன் அத்தான், தப்புப் பண்ணிட்டேன் என்று அழுதாய். சாவு வீட்டில் எல்லாரும் அப்படித்தான் அழுவார்கள் என்று உன்னைத் தூக்கி நிறுத்தினேன். இப்போதுதான் புரிகிறது. அப்போதே உனக்குத் தெரியும், இல்லையா.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். வேறு யாருக்கும் சொல்ல வேண்டாம், எனக்கு மட்டும் சொல். அவர் கேட்கச் சொன்னதை நீ கேட்டாயா. பேர் மாற்றி உட்கார்ந்தவன் வாயைத் திறக்கக் கூடாது, திறந்தால் நீ எந்த ஸ்டேஷன் என்று திருப்பிக் கேட்பார்கள் என்று நீயே ஒரு தடவை சொல்லியிருக்கிறாய். அதனால் பயந்துபோய்க் கேட்காமல் இருந்திருப்பாய் என்று நினைக்கிறேன். வந்ததும் அவர் ஆசையாகக் கேட்டுவிட்டார், வெறுங்கையோடு நிற்க முடியாமல் ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டாய். அப்படித்தான் இருக்கும். சின்னதில் கடைக்கு அனுப்பினால் மறந்துவிட்டு வந்து, கடை பூட்டியிருக்கு அக்கா என்பாய். நானும் சரி என்பேன். அப்போதே இரண்டு அடி போட்டிருக்கலாம். இல்லை, நீ கேட்டாய், அங்கே வயிறு என்றுதான் சொன்னார்கள் என்றால் அதையும் எழுது. நான் நம்புகிறேன். நீ எது சொன்னாலும் நம்பியே பழகிவிட்டேன்.

உன்னை வா என்று கூப்பிடவில்லை. வந்து சொன்னால் உன் வேலைக்கு ஆபத்து என்று எனக்குத் தெரியும். எட்டாள் என்று முதுகில் தட்டிச் சிரித்தவர்கள் எல்லாரும் அன்றைக்கு உன்னை யாரென்றே தெரியாது என்பார்கள். உனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். பெரியவளுக்குப் பல் விழுந்துவிட்டதா. சின்னவன் இன்னும் மண் தின்கிறானா. நான் உன்னைக் கூப்பிடவில்லை.

விசாரணை பதினெட்டாம் தேதி, வியாழக்கிழமை, காலை பத்தரை மணி. நீ மாற்றல் வாங்கிக்கொண்டு போன பிறகு ஆபீசை மாற்றிவிட்டார்கள், உனக்குத் தெரியாது. பழைய கட்டடத்தில் போய் நின்றால் பூட்டித்தான் இருக்கும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் மரக்கடை இருக்கிறதே, அதை ஒட்டின புதுக் கட்டடம். இரண்டாவது மாடி. லிப்ட் என்று ஒன்று இருக்கிறது, ஓடாது. படி ஏறினதும் இடது கைப் பக்கம் கடைசி அறை. வெளியே ஒரு நீள பெஞ்சு போட்டிருக்கிறார்கள், நான்கு பேர் உட்காரலாம். நானும் பாப்பாவும் ஒன்பதரைக்கே வந்துவிடுவோம். உன் ஊரிலிருந்து முந்தின நாள் சாயங்காலம் கிளம்புகிற ரயில் இங்கே காலை ஏழரைக்கு வருகிறதாம். சும்மாதான் விசாரித்தேன்.

உன் மனைவியைக் கேட்டதாகச் சொல். நீ நோய் நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். உன் பிள்ளைகள் பெரியவர்களாகி உன்னை என்ன கேட்டாலும், அவர்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்கிற மாதிரி கடவுள் உன்னை வைக்கட்டும்.

உன்னைத் தூக்கி வளர்த்த
அக்கா